ஒரு கிளி, பல பாடங்கள்



கண்டியிலிருந்து மஹியங்கனை செல்லும் வீதியில், நக்கிள்ஸ் மலைத்தொடரை அண்டியுள்ள ஊர் ஹுன்னஸ்கிரிய. அங்குள்ள காட்டோரங்களில் காலை வேளையில் கீச்சிட்டபடி பச்சைப் பறவைகள் விரைந்து பறக்கும். அவை கிளிகள். “கிளி பச்சை நிறமானது, அதன் அலகு சிவப்பு, அது பழம் தின்னும், பேசும்” என்று நான்கு வரியில் எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிடுவோர் பலர். புலமைப்பரிசில் வினாத்தாளிலோ தாய்மொழி, கணிதம், சுற்றாடல், சிங்களம் எல்லாம் கலந்தே வரும். ஆகவே கிளி என்னும் ஒரே கருப்பொருளை எல்லாப் பாடங்களினூடாகவும் பார்ப்போம்.

முதலில் தாய்மொழி. கிள்ளை, தத்தை, சுகம் என்பன கிளியின் ஒத்த கருத்துச் சொற்கள். “இலவு காத்த கிளி போல” என்னும் உவமைத்தொடரின் பொருள் வீணாகக் காத்திருத்தல் என்பதாகும். பொருளை மட்டும் மனனம் செய்தால் போதாது. இலவமரத்தின் காய் எப்போது பழுக்கும் என்று கிளி காத்திருந்தது. காயோ முற்றி வெடித்தது. உள்ளே இருந்தது பஞ்சு! அந்தப் பஞ்சு எதற்காக? விதையைக் காற்றில் மிதக்கச் செய்வதற்காக. பார்த்தீர்களா, உவமைத்தொடரில் தொடங்கி விதை பரம்பலுக்கு வந்துவிட்டோம்.

இங்கே ஒரு முக்கிய குறிப்பு. “விதைகளைப் பரப்பும் பறவை ஒன்றைத் தருக” என்று கேட்டால் சிலர் உடனே கிளி என்று எழுதுவர். கிளி தன் வளைந்த, உறுதியான அலகினால் விதையை உடைத்து, உள்ளிருக்கும் பருப்பையே தின்கிறது. உடைந்த விதை முளைக்காது. கொண்டைக்குருவி பழத்தை விதையோடு விழுங்கி, விதையை வேறிடத்தில் எச்சத்துடன் வெளியேற்றுகின்றது. ஆகவே கொண்டைக்குருவி என்று எழுதுவதே பொருத்தம்.

கிளியின் காலையும் கவனியுங்கள். காகத்துக்கு மூன்று விரல்கள் முன்னும் ஒன்று பின்னும் இருக்கும். கிளிக்கு இரண்டு முன்னும் இரண்டு பின்னும் இருக்கும். அதனாலேயே கிளையை இறுகப் பற்றவும், உணவைக் கையில் பிடிப்பதுபோல் காலில் பிடித்துத் தின்னவும் அதனால் முடிகிறது.

இலங்கையில் இயற்கையாக வாழும் கிளி இனங்கள் ஐந்து. அவற்றுள் இரண்டு உலகில் வேறெங்கும் இயற்கையில் இல்லாதவை. ஒன்று இலங்கைத் தொங்கு கிளி. குட்டை வாலுடைய இச்சிறு கிளி வௌவாலைப் போலத் தலைகீழாகத் தொங்கியபடி உறங்கும். மற்றது சாம்பல்நிறத் தலையுடைய லேயார்ட் கிளி. இவ்விரண்டும் நக்கிள்ஸ் பகுதியில் வாழ்கின்றன. லேயார்ட் கிளியில் ஆணின் மேல் அலகு சிவப்பு, பெண்ணின் அலகு கறுப்பு. “கிளிமூக்கு சிவப்பு” என்று எழுதும் முன் சற்று யோசியுங்கள்!

கணிதத்துக்கு உங்கள் 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தை எடுங்கள். லேயார்ட் கிளி ஏறக்குறைய அதன் நீளம். தொங்கு கிளி சுமார் 13 சென்ரிமீற்றர், அதாவது அடிமட்டத்தின் பாதியும் இல்லை. ஐந்தினுள் மிகப் பெரியதான பெரிய பச்சைக்கிளியோ கிட்டத்தட்ட இரண்டு அடிமட்ட நீளம், அதிலும் பெரும்பகுதி வால்தான்.

சிங்களத்தில் கிளியை ‘கிரவா’ என்பர். லேயார்ட் கிளிக்கு ‘அளு கிரவா’ என்று பெயர். ‘அளு’ என்றால் சாம்பல். கிளியைத் தூது அனுப்பும் இலக்கியம் இரு மொழியிலும் உண்டு. தமிழில் பலபட்டடைச் சொக்கநாதப் புலவரின் அழகர் கிள்ளைவிடு தூது, சிங்களத்தில் கோட்டைக் காலத்தில் எழுந்த கிரா சந்தேசய. ஆனால் தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடி விரட்டியதும் கிளிகளைத்தான். நெற்கதிரில் கிளிக்கூட்டம் இறங்கினால் இன்றும் விவசாயிக்கு நட்டமே. “கிளி மனிதருக்கு நன்மை தருமா, தீமை தருமா?” என்று கேட்டால் இரு பக்கமும் எழுதுங்கள்.

சொன்னதையே சொல்பவரைக் ‘கிளிப்பிள்ளை’ என்கிறோம். அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பேர்க் என்னும் ஆய்வாளர் 1977 முதல் அலெக்ஸ் என்ற ஆபிரிக்கச் சாம்பல் கிளிக்குப் பயிற்சி அளித்தார். பொருளைக் காட்டிக் கேட்டால் அது நிறத்தையும் வடிவத்தையும் கூறியது. ஆறு வரை எண்ணியது. அலெக்ஸ் 2007 இல் இறந்தது. கிளிப்பிள்ளை என்பது கிளிக்கு நாம் செய்த அநியாயம் போலும்!

கிளி கூடு பின்னுவதில்லை, மரப்பொந்தில் முட்டையிடும். பொந்துள்ள முதிய மரத்தை வெட்டினால் அதன் வீடே போய்விடும். குஞ்சுகளைப் பொந்திலிருந்து எடுத்துக் கூண்டில் அடைப்போரும் உளர். இலங்கைக்கே உரிய இவ்விரு கிளிகளையும் பிடிப்பது 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றமாகும்.

இனி நீங்களே செய்து பாருங்கள்.

1. ஒரு கிளையில் 7 கிளிகள் இருக்கின்றன. பின்னோக்கிய விரல்கள் மொத்தம் எத்தனை?

2. லேயார்ட் கிளியில் ஆணையும் பெண்ணையும் எவ்வாறு வேறுபடுத்துவீர்?

3. காற்றினால் பரம்பும் விதை ஒன்றையும், பறவையால் பரம்பும் விதை ஒன்றையும் உங்கள் வீட்டுச் சூழலில் தேடி எழுதுக.

4. “கூண்டுக்கிளி பேசினால்” என்னும் தலைப்பில் ஐந்து வசனங்கள் எழுதுக. அது பழம் கேட்பதாக மட்டும் எழுத வேண்டாம்.