நோய்க்கால உதவித்தொகை

நோயால் வேலைக்குச் செல்ல இயலாத தொழிலாளிக்கு, இழந்த கூலியில் ஒரு பகுதியை ஈடுசெய்வது நோய்க்கால உதவித்தொகை. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் இதற்கு வழிவகுத்தது. இஎஸ்ஐ எனப்படும் இத்திட்டம் 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கி, 1955இல் தமிழகத்துக்கு வந்தது.

மூலக்கொத்தளம் பட்டறையிலோ திருவொற்றியூர் ஆலையிலோ மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் காப்பீட்டாளரிடம் 0.75 விழுக்காடு பிடிக்கப்படுகிறது, முதலாளி 3.25 விழுக்காடு செலுத்துகிறார். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்கள் சேர்ந்திருந்தால், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சராசரி நாள் கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். முதல் இரண்டு நாட்களுக்குத் தொகை இல்லை. நாளுக்கு 600 ரூபாய் பெறுபவர் மஞ்சள் காமாலையால் பத்து நாள் படுத்தால், எட்டு நாட்களுக்கு 3,360 ரூபாய். காசநோய் போன்றவற்றுக்கு 80 விழுக்காடு; காலமும் நீளும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை இஎஸ்ஐ மருத்துவரின் சான்று. பக்கத்துத் தெரு டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு, குணமான பிறகு சான்றுக்கு அலைவதில்தான் பலர் தொகையை இழக்கிறார்கள். உதவித்தொகை பெறுபவர் சிகிச்சையைத் தொடர வேண்டும்; மருத்துவர் அனுமதியின்றி ஊருக்குப் போகக் கூடாது. வேறிடத்தில் வேலை செய்தால் அந்நாளுக்குத் தொகை கிடையாது.

இந்தக் காலத்தில் பணிநீக்கமோ தண்டனையோ கூடாது, அப்படித் தந்த அறிவிப்பும் செல்லாது என்று சட்டத்தின் 73ஆம் பிரிவு வகுத்தது. சான்றின்றி, சொல்லாமல் கொள்ளாமல் நின்றவருக்கு இந்தக் காப்பு இல்லை.

முதலாளி பங்களிப்பைக் கட்டாமல் விட்டால்? உதவித்தொகையைத் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு, முதலாளியிடம் வசூலிக்க இஎஸ்ஐ கழகத்துக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது. ஆகவே சம்பளச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.