கடைப் பையன் ஏன் நிற்பதில்லை?

தீபாவளிக்கு ஊருக்குப் போன பையன் திரும்பி வரவில்லை என்ற புகார் கீழமாசி வீதி மொத்தக் கடைகளிலும் கேட்கிறது, தெருமுனை மளிகைக் கடையிலும் கேட்கிறது. உசிலம்பட்டி, பேரையூர், மேலூர்ப் பக்கமிருந்து தெரிந்தவர் சொல்லி வந்து சேர்ந்த பிள்ளைகள் இப்போது பெரிய அங்காடிகளுக்கும் திருப்பூருக்கும் போய்விடுகிறார்கள். சம்பளம்தான் காரணம் என்று நம்மில் பலர் முடிவு கட்டிவிடுகிறோம். அது பாதிக் காரணமே. ஒரு வருடம் ஆன பிறகும் மூட்டை இறக்குவதும் டீ வாங்கி வருவதுமாகவே இருந்தால் எந்தப் பையன் நிற்பான்?

நமக்குப் பக்கத்தில் செட்டிநாட்டில் இதற்கு ஒரு முறை இருந்தது. பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் கடைகளில் சேர்ந்த சிறுவன் முதலில் 'பெட்டியடிப் பையன்'. கணக்கு பழகியபின் 'அடுத்தாள்'. பிறகு ஏஜெண்டு. ஏஜெண்டுக்குத் தவணை மூன்று ஆண்டு. சம்பளத்துக்கு மேல் லாபத்தில் ஒரு பங்கும் உண்டு. பெட்டியடியில் உட்கார்ந்த நாளிலேயே அடுத்த படி எது என்று பையனுக்குத் தெரியும்.

மளிகைக் கடையிலும் படிகள் வைக்கலாம். முதலில் சரக்கு அடையாளம்: பழைய அரிசி எது, புது அரிசி எது, வண்டு விழுந்த பருப்பு எது என்று கையில் அள்ளிப் பார்த்துச் சொல்லப் பழக வேண்டும். அடுத்து தராசு. பிறகு கொள்முதல் சிட்டை, பில். கடைசியில் கல்லா. ஒவ்வொரு படிக்கும் சம்பளம் எவ்வளவு ஏறும் என்பதைச் சேரும்போதே பெற்றோர் முன்னிலையில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. கல்லாவை விட மனம் வராத முதலாளிகள், தினமும் கடை அடைக்கும்போது பையனையும் உடன் வைத்துக்கொண்டு இருப்பைச் சரிபார்த்தால் போதும்.

சம்பளத்தை நம்மிடமே 'சேர்த்து வைத்து' ஊருக்குப் போகும்போது கொடுக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிட வேண்டும். மாதாமாதம் பையன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போடுவதுதான் இருவருக்கும் பாதுகாப்பு. பெற்றோருக்கு முன்பணம் கொடுத்துப் பையனைக் கட்டிப்போட நினைப்பதோ ஆபத்தானது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்ள நேரிடும்.

வயதிலும் கவனம் வேண்டும். 2016 திருத்தத்துக்குப் பின், 14 வயது நிரம்பாத பிள்ளையைக் கடை வேலைக்குச் சேர்ப்பது குற்றம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன்படி, 17 வயது நிரம்பாதவரை நாளுக்கு 7 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. மாலை 7 மணிக்குப் பிறகும் கூடாது. நமக்கு வியாபாரம் சூடுபிடிப்பதே அப்போதுதான்! ஆகவே பள்ளிச் சான்றிதழ் நகல் வாங்கி, 18 முடிந்தவரையே சேர்ப்பது உத்தமம். வாரம் ஒரு நாள் முழு விடுமுறையும் இதே சட்டப்படி உண்டு. 2021இல் வந்த திருத்தப்படி ஊழியர் உட்கார இருக்கை போட வேண்டும். ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டால் முடிந்தது; அதற்கும் கணக்குப் பார்க்கும் கடைகள் இருக்கின்றன.

தீபாவளிக்கு அனுப்பும்போது போனஸோடு, திரும்பி வந்ததும் எந்த வேலைக்கு மாற்றப்போகிறோம், புதுச் சம்பளம் எவ்வளவு என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.