மொழிபெயர்த்தால் போதுமா? மூலத்தோடு சேர்க்க வேண்டாமா?

கைப்பேசியிலும் கணினியிலும் தமிழ் வந்துவிட்டது. மொழி அமைப்பைத் தமிழுக்கு மாற்றினால் பட்டியல்கள், பொத்தான்கள், எச்சரிக்கைகள் எல்லாம் தமிழில் தெரிகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் ஒரு குறை கண்ணில் படும். ஒரு பொத்தான் தமிழில் இருக்கும், அதற்குக் கீழே உள்ளது ஆங்கிலத்தில் இருக்கும். நேற்றுவரை தமிழில் இருந்த ஒரு வரி, மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் ஆங்கிலத்துக்குத் திரும்பியிருக்கும்.

ஏன் இப்படி? தமிழில் சொல் இல்லை என்பார்கள் சிலர். மொழிபெயர்க்க ஆள் இல்லை என்பார்கள் வேறு சிலர். பல நேரங்களில் இரண்டும் காரணமில்லை. சொல்லும் இருக்கிறது, பெயர்த்தவரும் இருக்கிறார். அவர் பெயர்த்தது, போய்ச் சேர வேண்டிய இடத்தில் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான்.

அந்த இடம் எது?

இன்று பெரிய மென்பொருள் எதுவும் ஒரே ஆளின் கணினியில் எழுதப்படுவதில்லை. நூற்றுக்கணக்கானோர் பல நாடுகளில் இருந்துகொண்டு எழுதுகிறார்கள். யார், எந்த நாளில், எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்பதை எல்லாம் கணக்கில் வைக்க ஒரு பொதுக் களஞ்சியம் உண்டு. தோட்ட ஆபீசில் கொழுந்து எடை ஏட்டில் ஏறுவதைப்போல, மாற்றம் ஒவ்வொன்றும் அங்கே பதிவாகும். முன்பு சி.வி.எஸ்., பிறகு சப்வெர்ஷன், இப்போது பெரும்பாலும் கிட் என்ற மென்பொருள்கள் இந்தக் களஞ்சியத்தை நடத்துகின்றன. அடுத்த பதிப்பு இந்தக் களஞ்சியத்திலிருந்துதான் வெளியே வரும். இதற்குள் வராத மொழிபெயர்ப்பு, எவ்வளவு அழகாக இருந்தாலும் திரைக்கு வராது.

மொழிபெயர்ப்பு எப்படி இதற்குள் வருகிறது? கட்டற்ற மென்பொருள்களில் பெரும்பாலும் கெட்டெக்ஸ்ட் என்ற முறை பின்பற்றப்படுகிறது. நிரலில் உள்ள ஆங்கில வரிகளை எல்லாம் திரட்டி, பி.ஓ. என்ற கோப்பில் வரிசையாக வைப்பார்கள். மேலே ஆங்கில வரி, கீழே தமிழ் வரி. கோப்பின் தலைப்பில் கடைசியாகப் பெயர்த்தவரின் பெயரும் இருக்கும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஆங்கில வரி நிலையாக நிற்பதில்லை. "கோப்பைத் திற" என்று பொருள்படும் வரியை நிரலாளர் அடுத்த மாதம் "கோப்பையோ உறையையோ திற" என்று மாற்றிவிடுகிறார். பழைய தமிழ் வரி இப்போது பொருந்துமா? கணினிக்குத் தெரியாது. ஆகவே அந்த வரிக்கு 'ஐயத்துக்குரியது' என்று ஒரு குறி போட்டுவிடும். யாராவது பார்த்துச் சரி செய்து அந்தக் குறியை நீக்கும்வரை, திரையில் ஆங்கிலமே தெரியும். நேற்றுவரை இருந்த தமிழ் காணாமற்போவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கேமரன் மலைத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஒருமுறை கொழுந்து பறித்துவிட்டால் வேலை முடிந்ததா? சில வாரங்களில் செடி மறுபடி துளிர்க்கும், மறுபடி கூடையோடு ஏற வேண்டும். மென்பொருளும் அப்படித்தான் துளிர்த்துக்கொண்டே இருக்கும். குனோம் என்ற மேசைத்தள மென்பொருள் ஆண்டுக்கு இருமுறை புதிய பதிப்பு வெளியிடுகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் முன்னால் சில வாரங்கள் ஆங்கில வரிகளைத் தொடக்கூடாது என்று நிரலாளர்களுக்குத் தடை உண்டு. மொழிபெயர்ப்பாளர்கள் மூச்சுவிட்டு எட்டிப் பிடிப்பதற்கான இடைவெளி அது. கேடிஈ என்ற இன்னொரு திட்டத்தில் 'ஸ்கிரிப்டி' என்ற தானியங்கி நிரல், நிரல் களஞ்சியத்தில் புதிதாக வந்த வரிகளைத் திரட்டி எல்லா மொழிக் கோப்புகளிலும் சேர்த்துவிடுகிறது. அங்கே நிரல் கிட்டுக்கு மாறிய பின்பும் மொழிக் கோப்புகள் சப்வெர்ஷனிலேயே இருந்தன. இரண்டுக்கும் பாலம் அந்தச் சிறு நிரல்தான்.

பாலம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? தமிழே அதற்குச் சாட்சி.

2005 ஏப்ரலில் இந்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, தமிழ் மென்பொருள்கள் அடங்கிய குறுவட்டைச் சென்னையில் வெளியிட்டது. எழுத்துருக்கள், தமிழில் பெயர்த்த அலுவலகச் செயலிகள், உலாவி எல்லாம் இலவசமாகக் கிடைத்தன. கணினியில் தமிழைக் காணாத பலருக்கு அது பெரிய வரவு. ஆனால் குறுவட்டு என்பது அன்றைய தேதியில் எடுத்த புகைப்படம். மூல மென்பொருள் வளரும், புகைப்படம் வளராது. அடுத்தடுத்த பதிப்புகள் வந்தபோது வட்டில் இருந்தது பழையதாகிவிட்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் மென்பொருளை எழுதத் தொடங்கியதும் அதே 2005 ஏப்ரலில்தான்!

உபுண்டு பயன்படுத்தியவர்களுக்கு வேறொரு அனுபவம் உண்டு. லாஞ்ச்பேட் என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து மொழிபெயர்க்கலாம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருந்த தன்னார்வலர்கள் வேலை முடித்து வந்து இரவில் பெயர்த்தார்கள். உபுண்டுவில் தமிழ் தெரிந்தது. ஆனால் அந்த வரிகள் தாமாகவே குனோம், கேடிஈ களஞ்சியங்களுக்குத் திரும்பிப் போகவில்லை. யாராவது கோப்பை இறக்கி, ஒப்பிட்டு, அங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்காதபோது, ஒரே வரியை இரண்டு இடங்களில் இரண்டு பேர் பெயர்க்கும் நிலை வந்தது. 'டேப்' என்பதற்கு ஒருவர் 'தத்தல்' என்பார், இன்னொருவர் 'கீற்று' என்பார். இரண்டும் மோதும்போது ஒருவரின் உழைப்பு வீணாகும். சம்பளமில்லாமல் உழைத்தவர் அடுத்த முறை வருவாரா?

இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஒரு மொழியை ஆதரிக்கும் மொழியாக வெளியீட்டு அறிக்கையில் சொல்ல, 80 விழுக்காட்டு வரிகளாவது பெயர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்று குனோம் திட்டம் அளவுகோல் வைத்திருந்தது. பெயர்த்தது களஞ்சியத்துக்கு வராவிட்டால் கணக்கில் சேராது. விழுக்காடு சரியும், மொழி பட்டியலிலிருந்து விழும்.

நாட்டுக்கு நாடு தமிழ் வேறுபடுகிறதே, அதற்கு என்ன செய்வது? இரண்டு வழிகளை உலகம் பார்த்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் ஒரு காலத்தில் 'தமிழ்' என்றும் 'தமிழ் (இலங்கை)' என்றும் இரண்டு தனிக் களஞ்சியங்கள் இருந்தன. ஒவ்வொரு வரியையும் இரண்டிலும் பெயர்த்தாக வேண்டும். இருக்கும் சில கைகள் இரண்டாகப் பிரிந்தன. பின்னர் இலங்கைக் கிளை நிறுத்தப்பட்டது.

யூனிகோடு அமைப்பின் சி.எல்.டி.ஆர். தரவுக் களஞ்சியம் செய்வது வேறு. கைப்பேசிகளும் கணினிகளும் மாதப் பெயர், நாட்டுப் பெயர், நாணயக் குறி, எண் எழுதும் முறை ஆகியவற்றை இங்கிருந்துதான் பெரும்பாலும் பெறுகின்றன. இங்கே தமிழுக்கு ஒரு தாய்க் கோப்பு உண்டு. மலேசியத் தமிழுக்கு ஒரு சிறு கோப்பு தனியாக உண்டு. அதில் வேறுபாடுகள் மட்டுமே இருக்கும், மற்றதெல்லாம் தாய்க் கோப்பிலிருந்து தானாக வரும்.

கியா பார்ம் சந்தையில் முட்டைக்கோசும் ஸ்ட்ராபெரியும் விற்கும் ஒரு தமிழர், தம் கைப்பேசியை மலேசியத் தமிழில் வைக்கிறார் என்று கொள்வோம். அவருக்கு வெள்ளிக் கணக்கு 'ஆர்.எம்.' என்ற குறியோடு வர வேண்டும். பத்து லட்சத்தை இந்தியாவில் 10,00,000 என்று எழுதுவார்கள். மலேசியாவில் அது 1,000,000. இந்த வேறுபாடுகள் அந்தச் சிறு கோப்பில் இருக்கின்றன. மாதப் பெயர்களுக்காக யாரும் இன்னொரு முறை உழைக்க வேண்டியதில்லை. வேர் ஒன்று, கிளை பல. தமிழுக்கு ஏற்ற வழி இதுதான்.

இப்போது பாலங்களும் வலுப்பட்டுவிட்டன. மொசில்லாவின் போன்டூன், செக் நாட்டு நிரலாளர் மிக்கால் சிஹார் 2012-இல் தொடங்கிய வெப்லேட் ஆகிய தளங்களில், மொழிபெயர்ப்பாளர் உலாவியில் தமிழில் தட்டச்சு செய்தால் போதும். ஒப்புதல் பெற்ற வரியைத் தளமே பெயர்த்தவரின் பெயரோடு களஞ்சியத்தில் பதிந்துவிடும். ஆங்கில வரி மாறினால் உடனே தளத்தில் தெரியும். லிப்ரே ஆபிஸ் திட்டமும் வெப்லேட்டையே பயன்படுத்துகிறது. கிட் கட்டளை ஒன்றுகூடத் தெரியாத தமிழாசிரியரும் இன்று பங்களிக்கலாம்.

ஆனால் கருவி எல்லாவற்றையும் செய்துவிடாது. ஐயக் குறி விழுந்த வரியைப் பார்த்து, சரி, தவறு என்று சொல்ல மனிதர் வேண்டும். ஆகவே மொழிபெயர்க்க முன்வருவோர் மூன்றை மட்டும் கேட்டுக்கொள்வது நல்லது. நாம் பெயர்ப்பது மூலக் களஞ்சியத்துக்குப் போகிறதா? இதே வரியை வேறு யாராவது ஏற்கெனவே பெயர்த்திருக்கிறார்களா? அடுத்த பதிப்பு வரும்போது இதைப் பார்த்துக்கொள்ள யார் இருப்பார்கள்?

மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. ஆயிரம் வரிகளை ஒரே வாரத்தில் பெயர்த்துவிட்டு மறைந்துபோகும் நூறு பேரைவிட, மாதம் ஒருமுறை வந்து இருபது வரிகளைச் சரிபார்க்கும் ஒருவர் தமிழுக்குப் பெரிய துணை. பறித்த கொழுந்து அன்றே ஆலைக்குப் போக வேண்டும். கூடையிலேயே கிடந்தால் வாடித்தான் போகும்.