ஈறு நோயைப் புகைப்படம் எவ்வளவு காட்டும்?

ஈறு பெரும்பாலும் வலிக்காமலே கெடும். துலக்கித் துப்பும் நுரையில் ரத்தம் தெரிந்தாலும் 'பிரஷ் குத்தியிருக்கும்' என்று விட்டுவிடுவோர் அதிகம். அவர்களுக்கே தங்கள் ஈற்றைப் பெரிதாக்கிக் காட்டப் பல் மருத்துவமனைகளில் இப்போது டிஜிட்டல் கேமரா பயன்படுகிறது.

கேமரா பார்ப்பது என்ன?

நலமான ஈற்றின் விளிம்பு மெல்லியதாகப் பல்லை ஒட்டியிருக்கும். மேற்பரப்பில் ஆரஞ்சுத் தோலைப் போலச் சிறு புள்ளிகள் தெரியலாம். பல்லோரத்தில் பாக்டீரியாப் படலம் தங்கினால் விளிம்பு தடிக்கும், சிவக்கும், பளபளக்கும். இந்த மாற்றங்களையும் ரத்தக் கசிவையும் வைத்து 0 முதல் 3 வரை மதிப்பெண் இடும் முறையை பல் மருத்துவ ஆய்வாளர்கள் லோ, சில்னெஸ் இருவரும் 1963-ல் வெளியிட்டார்கள். ஆனால் இது கண்ணால் பார்த்து இடும் மதிப்பெண் என்பதால், ஒரு மருத்துவர் 1 என்பதை இன்னொருவர் 2 என்று சொல்லக்கூடும். டிஜிட்டல் படத்திலோ சிவப்பின் அளவை எண்ணாகவே எடுக்கலாம்.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொரு முறையும் ஒளி, கோணம், தூரம் மாறக் கூடாது. அதனால்தான் கன்னத்தை விலக்கிப் பிடித்து, எச்சிலை உலர்த்தி, மேக்ரோ லென்ஸும் வளைய ஃபிளாஷும் பொருத்திப் படமெடுக்கிறார்கள். நிறத்தைச் சரிபார்க்கச் சாம்பல் நிற அட்டையும் பயன்படும்.

ஒப்பிடுவதில்தான் பலன்

1965-ல் லோ குழுவினர் டென்மார்க்கில் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சரியானது. இத்தனை விரைவில் மாறுவதால், சிகிச்சைக்கு முன்னும் சில வாரம் கழித்தும் எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்தாலே முன்னேற்றம் புரிந்துவிடும்.

படத்துக்கு எட்டாதவை

நம்மில் பலருக்கு ஈறு இயல்பிலேயே கருமை படர்ந்திருக்கும். அது நோயல்ல, ஆனால் சிவப்பை மறைத்துவிடும். புகைபிடிப்பவர்களுக்கு நோய் இருந்தும் ரத்தக் கசிவு குறைவாகவே தெரியலாம். பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையிலான பள்ளத்தின் ஆழத்தைக் கேமரா அளக்காது. நுண்ணிய அளவுகோலால் அளந்து, அது 1 முதல் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எலும்புத் தேய்மானத்தை அறிய எக்ஸ்ரே தேவை. படத்தைப் பார்த்து அழற்சியைக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களும் ஈற்றின் மேற்பரப்பை மட்டுமே படிக்கின்றன.

ஆகவே, செல்போனில் எடுத்த படத்தில் ஈறு நன்றாகத் தெரிந்தாலும், துலக்கும்போது அடிக்கடி ரத்தம் வந்தால் பல் மருத்துவரைப் பார்த்துவிடுவதே சரி.