கால்களையும் கணக்கில் சேருங்கள்

கொள்வனவுக்காக டுபாய், குவாங்சோ செல்லும் நம்மவர்கள் சரக்கு விலை, டொலர் விலை, சுங்க வரி எல்லாம் கணக்குப் பார்ப்பார்கள். கால்களைக் கவனிப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்காவுக்கு இரவு முழுக்க பஸ், பிறகு விமானம். ஒருமுறை ஊர் திரும்பிய மூன்றாம் நாள் இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தது. பயண அலுப்பென்று எண்ணெய் தேய்க்கப் போனேன். “வேண்டாம் வாப்பா” என்று மகன்தான் வைத்தியரிடம் கூட்டிச் சென்றான். நாளத்தில் இரத்தம் உறைந்திருந்தது. தேய்த்தால் கட்டி கழன்று நுரையீரலை அடைக்கலாம் என்றார் வைத்தியர். அல்ஹம்துலில்லாஹ், மாதக்கணக்கில் மாத்திரையோடு தப்பினேன்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணித்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகும் என உலக சுகாதார நிறுவனம் 2007இல் அறிவித்தது. விமானம் மட்டுமல்ல, பஸ், ரயில், காருக்கும் இது பொருந்தும். சுமார் 6000 பேரில் ஒருவருக்கே வரும் என்கிறார்கள். அந்த ஒருவர் நானாகிவிட்டேன்.

நடக்கும்போது கெண்டைத் தசை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளும். உட்கார்ந்தே இருந்தால் தேங்கும். ஆகவே குதிகாலை ஊன்றி முன்பாதத்தை உயர்த்துங்கள்; பின் விரல்களை ஊன்றிக் குதிகாலை உயர்த்துங்கள். கணுக்காலைச் சுழற்றுங்கள். மணிக்கொரு தடவை செய்யுங்கள். இடையிடையே எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். காலடியில் பையை அடைக்காதீர்கள்.

முன்பு இந்நோய் வந்தவர்கள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்டே புறப்படட்டும். திடீரென மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உம்ரா செல்வோருக்கும் இதையே சொல்வேன். சரக்கில் நட்டப்பட்டால் அடுத்த பயணத்தில் பிடிக்கலாம். உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம்.