இரண்டு டிக்கெட், நடுவே நாற்பது கிலோமீட்டர்

விமானத்தில் பெங்களூர் வந்து, வைட்ஃபீல்டில் தமிழ்நாட்டு ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு யார் பொறுப்பு?

வைட்ஃபீல்ட் ரயில் நிலையத்தில் நான் பெட்டியை இழுத்துக்கொண்டு நடைமேடைக்கு ஓடி வந்தபோது, கடைசிப் பெட்டியின் பின்புறம் வரைந்திருக்கும் பெரிய பெருக்கல் குறி மட்டுமே கண்ணில் பட்டது. மறுநாள் காலை ஈரோட்டில் அக்காள் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. தாய்மாமன் நான்.

தில்லியிலிருந்து வந்த விமானம் ஐம்பது நிமிடம் தாமதம். பெட்டி கைக்கு வர அரை மணி. மிச்ச நேரத்தை மாலை நேரச் சாலை விழுங்கிவிட்டது. விமானத்துக்கு டிக்கெட் இருந்தது. ரயிலில் படுக்கையும் உறுதியாகியிருந்தது. நடுவில் இருந்த சுமார் நாற்பது கிலோமீட்டருக்குத்தான் யாரும் டிக்கெட் தரவில்லை, பொறுப்பும் ஏற்கவில்லை.

இந்தத் தூரம் ஒரு காலத்தில் இவ்வளவு இல்லை. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு 1864-லேயே ரயில் வந்துவிட்டது. 1882-ல் மைசூர் மகாராஜா அளித்த நிலத்தில் ஆங்கிலோ இந்தியர்களுக்கான விவசாயக் குடியிருப்பாக உருவானது வைட்ஃபீல்ட். 1990களில் தொழில்நுட்பப் பூங்கா வந்ததும் ஊரின் முகமே மாறியது. தமிழ்நாட்டிலிருந்து இளைஞர்கள் வந்து குவிந்தார்கள். அப்போது எச்.ஏ.எல். விமான நிலையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருந்தது. 2008 மே 24-ல் தேவனஹள்ளி அருகே புதிய விமான நிலையம் திறக்கப்பட்டது; எச்.ஏ.எல்.லில் பயணிகள் சேவை நின்றது. விமானம் வடக்கே போய்விட்டது. தமிழ்நாட்டு ரயில் பாதை கிழக்கிலேயே இருக்கிறது.

இணைப்பு தவறினால் நஷ்டம் முழுவதும் பயணிக்கே. விமானத் துறைக் கணக்கில் பதினைந்து நிமிடத்துக்குள் தாமதம் என்றால் அது தாமதமே அல்ல. அதற்கு மேல் தாமதித்தாலும், நீங்கள் தனியாக வாங்கிய ரயில் டிக்கெட்டைப் பற்றி விமான நிறுவனத்துக்குக் கவலையில்லை. ரயில்வே தன் வீட்டுக்குள் மட்டும் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் இரண்டு ரயில் டிக்கெட்டுகளின் பி.என்.ஆர். எண்களை இணைத்துக்கொள்ளலாம். முதல் ரயில் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டால் அந்தப் பணம் பிடித்தமின்றித் திரும்பும். முதலில் வந்தது விமானம் என்றால் இந்தச் சலுகை கிடையாது.

முடியாத காரியமா இது? ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் 1999-ல் தொலைதூர ரயில்களுக்கென்றே ஒரு நிலையம் திறந்தார்கள். லுஃப்தான்சா நிறுவனம் விமானத்தையும் ரயிலையும் ஒரே டிக்கெட்டில் விற்கிறது. விமானம் தாமதித்தால் அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளலாம். அவ்வளவு தூரம் போவானேன், சென்னையில் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம் இருக்கிறது. 2016 முதல் மெட்ரோவும் ஓடுகிறது. பெங்களூரிலும் 2021 ஜனவரியில் விமான நிலையம் அருகே ஒரு சிறிய ரயில் நிறுத்தம் திறந்தார்கள். அங்கே நிற்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய ரயில்களே. இரவு ரயிலைப் பிடிக்க அவற்றை நம்ப முடியாது.

அதுவரை பயணிக்குத் தன் கையே தனக்கு உதவி. முதல் காரியம், எந்த நிலையத்தில் ஏறுவது என்று முடிவு செய்வது. மெஜஸ்டிக்கில் புறப்படும் ரயில் கன்டோன்மென்ட், கிருஷ்ணராஜபுரம் தாண்டித்தான் வைட்ஃபீல்டுக்கு வரும். ஆகவே அரை மணிக்கு மேல் நேரம் மிச்சம். விமான நிலையத்திலிருந்து பூதிகெரெ வழியாக வந்தால் ஹெப்பாள் நெரிசலில் சிக்க வேண்டாம். ஆனால் எல்லா எக்ஸ்பிரஸ் ரயில்களும் வைட்ஃபீல்டில் நிற்பதில்லை. பல ரயில்களுக்குக் கிருஷ்ணராஜபுரம்தான் கடைசி வாய்ப்பு. மைசூர்-தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் போல ஓசூர், தருமபுரி வழியாகச் சேலம் போகும் ரயில்களோ இந்தப் பக்கமே வருவதில்லை. டிக்கெட்டில் ஏறும் இடத்தையும் முன்கூட்டியே மாற்றிப் பதிவு செய்ய வேண்டும். மாற்றாமல் அடுத்த நிலையத்தில் ஏறினால் உங்கள் படுக்கையில் வேறொருவர் படுத்திருக்கலாம். மாற்றிவிட்டால் பழைய இடத்தில் ஏறும் உரிமை போய்விடும்.

இதையெல்லாம் தெரிந்துதான் நானும் வைட்ஃபீல்டில் ஏறுவதாகப் பதிவு செய்திருந்தேன். தாளில் எனக்கு இரண்டே முக்கால் மணி நேரம் இருந்தது. சாலையில் அது போதவில்லை. மாலை விமானம், இரவு ரயில் என்றால் நான்கு மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளி சூதாட்டம் என்பதே நான் கற்ற பாடம்.

ஒரு நம்பிக்கை உண்டு. 2023-ல் வைட்ஃபீல்டுக்கு மெட்ரோ வந்துவிட்டது. சில்க் போர்டிலிருந்து கிருஷ்ணராஜபுரம் வழியாக விமான நிலையம் வரை 58 கிலோமீட்டர் பாதைக்கு மத்திய அமைச்சரவை 2021 ஏப்ரலில் ஒப்புதல் தந்தது. செலவு 14,788 கோடி ரூபாய். அது முழுமையாக ஓடும்போது, விமானத்திலிருந்து இறங்குகிறவர் நெரிசலைத் தொடாமலே கிருஷ்ணராஜபுரம் ரயில் நிலையத்தை அடையலாம். தூரத்துக்கு வழி பிறக்கும். ஆனால் இரண்டு டிக்கெட்டையும் ஒன்றாக்க யாராவது முன்வந்தால்தான் பொறுப்புக்கும் வழி பிறக்கும்.

அன்றிரவு நகரத்தைக் குறுக்கே கடந்து ஓசூர் சாலைக்குப் போய், கிடைத்த பஸ்ஸில் சேலம், அங்கிருந்து ஈரோடு. மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி ஒன்பது. தாய்மாமன் சீரைப் பெரியப்பா மகன் செய்து முடித்திருந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் காலில் விழுந்தார்கள். அக்கா இலை போடச் சொன்னாள். பரிமாறிக்கொண்டே, "ஒரு நாள் முன்னாடியே வந்திருக்கலாம்ல?" என்றாள். இன்றைய நிலையில் அதைவிட நல்ல யோசனையை எந்த அதிகாரியாலும் தர முடியாது.