கடையின் கடிதங்கள்
(தொடர்: 9)

பிங்கா ஓயா பெருகினால் அக்குறணைக் கடைவீதிக்குள் தண்ணீர் வந்துவிடும். அப்படி வந்த ஒரு வெள்ளத்தில், ஏ9 வீதியோரம் இருக்கும் ஒரு வாசனைத் திரவியக் கடையில் கராம்பு மூட்டைகளை மேல்மாடிக்கு ஏற்றினார்கள். மேசைக்கடியில் இருந்த கொம்பியூட்டரை யாரும் நினைக்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்தது.

அதை ஒரு துவாயில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார் கடைக்காரரின் மகன். "நானா, வாப்பாட மெயில் எல்லாம் இதுலதான் இருக்கு. எப்படியாச்சும் எடுத்துத் தாங்க" என்றார். வாப்பா மௌத்தாகி மூன்று வருடம்.

டிஸ்க்கில் இருந்தது அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பு ஒன்று. வந்த கடிதம், அனுப்பிய கடிதம், இணைப்பு, முகவரி எல்லாவற்றையும் அவுட்லுக் ஒரே கோப்புக்குள் அடைத்து வைக்கும். 2002 வரை வந்த அவுட்லுக்கில் இந்தக் கோப்பு 2 ஜிபியைத் தொட்டால் பழுதாகிவிடும். ஆகவே முதல் வேலையாக அதைப் பிரதி எடுத்து, மூலத்தைத் தனியே வைத்தேன். இந்தப் படியை ஒருபோதும் தவிர்க்காதீர்கள்.

லினக்ஸில் 'ரீட்பிஎஸ்டி' என்றொரு இலவசக் கருவி இருக்கிறது. ஜன்னல் இல்லை, பொத்தான் இல்லை. கறுப்புத் திரையில் கருவியின் பெயரையும் கோப்பின் பெயரையும் தட்டி என்டரை அழுத்தினால் போதும். கோப்புறைகளின் பெயர்கள் வரிவரியாக ஓடின. பிளேன்டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

வெளியே வந்தவை 'எம்பாக்ஸ்' கோப்புகள். இது யுனிக்ஸ் காலத்துப் பழைய முறை. கடிதங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். ஒவ்வொன்றும் 'ஃப்ரம்' என்ற சொல்லில் தொடங்கும். அந்த வரிகளை எண்ணினால் எத்தனை கடிதம் என்று தெரிந்துவிடும். எந்த நிறுவனத்தின் மென்பொருளும் இல்லாமல் திறக்கலாம் என்பதால்தான் இந்த வடிவத்தை நான் நம்புகிறேன்.

அடுத்ததாகத் தமிழில் ஒரு சொல்லைத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. கடிதங்கள் இருந்தன, எழுத்துத்தான் உருமாறியிருந்தது. யூடிஎஃப்-8 முறையில் 'க' என்ற ஒரே எழுத்துக்கு 3 பைட் வேண்டும். மின்னஞ்சல் பயணத்துக்காக அதை 'குவோட்டட் பிரின்டபிள்' முறையில் மடித்தால் அதுவே 9 குறியாகிறது. 'பேஸ்64' முறையில் மடித்தால் 4 குறி. மடிப்பைப் பிரிக்காமல் தமிழைத் தேட முடியாது. பைத்தான் மொழியிலேயே இதற்கான தொகுதிகள் இருக்கின்றன. சில வரிகள் எழுதியதும் பிரிந்து வந்தது.

ஆனால் 2001ஆம் ஆண்டுக் கடிதமொன்றோடு இணைத்திருந்த உரைக் கோப்பு மட்டும் அப்போதும் படிக்க முடியாத குறிகளாகவே நின்றது. யூனிகோட் பரவும் முன்பு தமிழர் பலர் எழுதியது டிஸ்கி குறிமுறையில். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இலவசத் தமிழ் மின்னூல் முயற்சியும் யூனிகோடுக்கு மாறுமுன் அதில் நூல்களை வெளியிட்டது. லினக்ஸின் 'ஐகான்வ்' கருவிக்கு டிஸ்கி தெரியும். 'டிஸ்கியிலிருந்து யூடிஎஃப்-8க்கு' என்று ஒரு கட்டளை கொடுத்தேன். திரையில் தமிழ் வந்தது: "உம்மாவுக்கு மருந்து வாங்கினியா? கடையைப் பத்தி யோசிக்காத, நான் பாத்துக்கிறன்."

ஜித்தாவில் இருந்த மூத்த மகனுக்கு வாப்பா எழுதியது. கொண்டுவந்தவர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

மின்னஞ்சல் எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பர் 15ஆம் திகதி மூடப்பட்டது. பிரதி எடுக்காத தமிழ்க் குழுமங்களின் பழைய கடிதங்கள் அதற்கு முன்பே அந்தத் தளத்திலிருந்து அழிந்துபோயின. 2 வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்பது கூகுளின் இன்றைய விதி. இறந்தவர் கணக்கைத் திறக்கப்போவது யார்? உயிரோடிருப்பவர்கள் கூகுள் டேக்அவுட் மூலம் தங்கள் கடிதங்களை இன்றே இறக்கலாம். அவையும் எம்பாக்ஸாகத்தான் வரும். நான் மேலே சொன்ன அதே வழி அதற்கும் பொருந்தும்.

உங்கள் வீட்டிலோ கடையிலோ பழைய கொம்பியூட்டர் கிடந்தால் இரும்புக்குப் போடுமுன் பிஎஸ்டி என்று முடியும் கோப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைத் தண்ணீர் ஏறாத உயரத்தில் வையுங்கள். மற்றதை வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.

(தொடரும்)